குண்டு பல்பு மெக்கானிக்

கடைக்கு வரும் எந்த மெஷினையும் அவர் எடுத்த எடுப்பில் கரண்டில் செருகமாட்டார். மேஜையின் இடது ஓரத்தில் ஒரு மரப்பலகை அடித்திருக்கிறது. அதில் ஒரு ஹோல்டர், ஒரு நூறு வாட் குண்டு பல்பு, ஒரு பிளக் பாயின்ட். சீரிஸ் போர்டு என்பார்கள். பல்பைத் தாண்டித்தான் மெஷினுக்குக் கரண்ட் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று முழு வெளிச்சத்தில் எரியும், ஃபியூஸ் போகாது. காயில் அறுந்திருந்தால் எரியவே எரியாது. சீலிங் ஃபேன் நல்லபடியாக இருந்தால் பல்புக்குள் லேசாக ஒரு சிவப்பு தெரியும், அவ்வளவுதான். மிக்ஸி என்றால் நல்ல நிலையிலும் கொஞ்சம் தூக்கலாகவே எரியும். அதைப் பார்த்து மோட்டார் போச்சு என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இந்த வெளிச்சங்களின் வித்தியாசம் பிடிபடுவதற்கே ஒரு பையனுக்குச் சில மாதங்கள் ஆகும்.

குண்டு பல்பு இப்போது கடைகளில் அரிதாகிவிட்டது. எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. அதற்குள் ஒரு டிரைவர் சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. அது கரண்டைத் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும், பொய் சொல்லும். அதனால் சைதாப்பேட்டையில் இருக்கும் இந்த மெக்கானிக், எங்கே குண்டு பல்பு கண்ணில் பட்டாலும் பெட்டியோடு வாங்கி அலமாரியில் அடுக்கிவிடுவார். வீட்டில் மூலைக்கு மூலை எல்.இ.டி.தான். கடையில் மட்டும் எடிசன் காலம்.

அவர் திண்டிவனம் பக்கத்து ஆள். எண்பதுகளின் நடுவில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மேற்கு மாம்பலத்தில் ஒரு ரீவைண்டிங் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். அப்போது கடை என்றால் எரிந்த வார்னிஷ் வாசனை. காயில் கருகின ஃபேனைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கனக் கம்பியைக் கை மெஷினில் சுற்ற வேண்டும். சுற்றின காயிலை ஸ்லாட்டில் இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றி, வெயிலில் காய வைக்க வேண்டும். பழைய செம்பு எடைக்குப் போகும். அந்தக் காசு ஓனருக்கு. பையனுக்குக் கிடைத்தது எண்ணும் பழக்கம். சுற்றை எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பதால், ரீவைண்டிங் பையன்கள் அந்த நாட்களில் கொஞ்சம் சிடுமூஞ்சிகளாகவே இருந்தார்கள்.

ஆனால் கடைக்கு வந்த ஃபேன்களில் காயில் கட்ட வேண்டியவை கொஞ்சம்தான். "ஸ்லோவா சுத்துது" என்று வருவதில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது ஒரு 2.5 எம்.எஃப்.டி. கன்டென்சர். பொறியியல் புத்தகம் அதைக் கெபாசிட்டர் என்னும். தமிழ்நாட்டு மெக்கானிக்குக் கன்டென்சர். நாள்பட அதன் தேக்குத் திறன் இறங்கும்; இறங்க இறங்க ஃபேன் சோம்பும். இன்னும் சில வீடுகளில் கன்டென்சரும் சரியாக இருக்கும், பேரிங்கும் சரியாக இருக்கும், ஆனாலும் சாயங்காலமானால் ஃபேன் சுற்றாது. அங்கே கோளாறு தெருவில். வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் மோட்டாரின் முறுக்கு விசை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிடும், ஏனென்றால் விசை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. கணக்கு தெரியாத ஓனர் இதை வேறு மாதிரிச் சொல்லிக்கொடுத்தார்: "டியூப் லைட்டு கண்ணடிக்குதான்னு மொதல்ல கேளு. அடிச்சா ஃபேனைக் கழட்டாதே."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அவர் பின்னாளில் முக்கால்வாசித் தொழிலை நடத்தினார் என்று சொல்லலாம். மெஷினைத் தொடும் முன் வீட்டைப் பார்ப்பது. பிளக் இறுக்கமாக இருக்கிறதா, சுவரில் ஓதம் உண்டா, தண்ணீர் எந்தத் தண்ணீர், தூசி எங்கிருந்து வருகிறது, வீட்டில் யார் எதை எப்படி அரைக்கிறார்கள். அவருடைய அனுபவத்தில் மெஷின் தானாகக் கெட்டது குறைவு. வீடுதான் அதைக் கெடுத்தது.

மிக்ஸியை எடுத்துக்கொள்ளலாம். மாம்பலத்து மாமி ஒருவர் அடைக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்ஸி நின்றுபோயிற்று. "ஏன்டாப்பா, மோட்டார் போயிடுத்தா? நேத்திக்குக்கூட நன்னா ஓடித்தே" என்று கவலையோடு தூக்கிக்கொண்டு வந்தார். ஓனர் அதைக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி, திருப்பி வைத்து ஓட்டிக் காட்டினார். ஓவர்லோடு ஸ்விட்ச். ஜாரில் அளவுக்கு மேல் போட்டாலோ, தண்ணீர் பற்றாமல் அரைத்தாலோ மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறும்; எரிவதற்கு முன் அந்தப் பொத்தான் தெறித்துக் கரண்டை நிறுத்தும். காசு வாங்கவில்லை. மாமி அடுத்த வாரம் வீட்டுக் கிரைண்டரையும் ஃபேனையும் அந்தக் கடைக்குத்தான் அனுப்பினார். அது வியாபாரத் தந்திரமா நல்ல மனசா என்று பையனுக்கு அன்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்றும் அவர் பிரித்துப் பார்ப்பதில்லை.

மிக்ஸிக்குள் இப்படி வேண்டுமென்றே பலவீனமாக வைத்த இன்னோர் இடம் உண்டு. ஜாரும் மோட்டாரும் சந்திக்கும் கறுப்புக் கப்ளர். பிளேடு எதிலாவது மாட்டினால் கப்ளரின் பல் தேயும் அல்லது உடையும், மோட்டார் பிழைக்கும். தரமான மோட்டார், சாதாரணக் கப்ளர் என்பதுதான் சரி. "இரும்புல போட்டுக் குடுங்கண்ணே, அடிக்கடி ஒடையுது" என்று கேட்கிறவர்களிடம் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பழையபடி அதே கறுப்புக் கப்ளரைத்தான் மாட்டுவார். ஜாரின் அடியில் புஷ் தேய்ந்து சட்னி ஒழுகினால் மட்டும் உடனே மாற்றச் சொல்லுவார். ஒழுகும் நீர் நேராக மோட்டாருக்குள்தான் இறங்கும்.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அதன் பிறகு சைதாப்பேட்டைக் கடையின் வாடிக்கையாளர்கள் மாறினார்கள். அதுவரை அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்த வீடுகளில் முதல் மிக்ஸி வந்தது. முதல் மிக்ஸி வைத்திருப்பவருக்குச் சிவப்புப் பொத்தான் எங்கே என்று தெரியாது. அம்மியில் அரைத்த கைக்கு நிறுத்தி நிறுத்தி ஓட்டும் பழக்கமும் வராது. கார்பன் பிரஷ் தேயும், காயில் சூடாகும். இலவசப் பொருள் தரமில்லை என்று ஊரெல்லாம் பேசியது. அவர் அப்படி நினைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் அரிசி உளுந்தை எட்டுப் பத்து வருடம் அரைத்த கிரைண்டர்கள் அவர் கைக்குத் திரும்பி வந்திருக்கின்றன, பெல்ட் மாற்றுவதற்கு மட்டும்.

அந்த ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது: மின்வெட்டு. சென்னைக்கு வெளியே 2012-ல் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. போனதைவிடத் திரும்பி வந்த கரண்ட்தான் ஃபிரிட்ஜுகளைப் பதம் பார்த்தது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் நின்றவுடன் குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. சமமாவதற்குச் சில நிமிடம் வேண்டும். அதற்குள் கரண்ட் வந்துவிட்டால் கம்ப்ரஸரால் கிளம்ப முடியாது. உறுமும், சூடாகும், ஓவர்லோடு 'டக்' என்று வெட்டும். கொஞ்சம் ஆறினதும் மறுபடி உறுமல், மறுபடி 'டக்'. திண்டிவனத்தில் அவருடைய அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் இப்படி ராத்திரி முழுக்க டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்ததைப் பல்லி கத்துகிறது என்று நினைத்திருக்கிறார்கள். கரண்ட் வந்து மூன்று நிமிடம் கழித்தே இணைப்புக் கொடுக்கிற ஸ்டெபிலைசர் ஒன்றை மாட்டியதோடு அந்தப் பல்லி அடங்கியது.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் அவருக்குக் கோபம் வருவது ஒரே ஒரு இடத்தில்தான்: கத்தி. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் முழுக்கப் பனி கட்டும். டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டு உருகும்வரை பொறுக்க மனமில்லாமல், கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ நெம்புவார்கள். அந்தச் சுவர் மெல்லிய அலுமினியம். அதற்குள்ளேயே கேஸ் ஓடும் பாதை இருக்கிறது. ஒரு 'புஸ்' சத்தம், அத்தோடு முடிந்தது. அலுமினியத்தை ஒட்டுவது செம்பைப் பற்றவைப்பது மாதிரி சுலபமல்ல. "கத்தியே படலைங்க" என்று சாதிக்கிற வீட்டுக்காரரிடம் அந்தக் கீறலை டார்ச் அடித்துக் காட்டும் வேலையை அவர் உதவியாளனிடம் விட்டுவிடுவார்.

அவர் ஃபிரிட்ஜ் வேலை பழகியது ஆர்-12 காலத்தில். வெள்ளை சிலிண்டர், வாசனை கிடையாது, தீப்பிடிக்காது. அளவெல்லாம் பார்க்கமாட்டார்கள், குழாயைத் தொட்டு, ஃப்ரீசரில் பனி பூக்கிற விதத்தைப் பார்த்து ஏற்றுவார்கள். வேலை நடுவில் சிலிண்டரைத் திறந்து 'ஊஃப்' என்று தூசி ஊதக்கூட அதையே பயன்படுத்தினார்கள். அது வானத்தில் ஓசோனைத் தின்கிறது என்ற செய்தி கடைக்கு வந்து சேரப் பல வருடம் ஆயிற்று. மான்ட்ரியல் உடன்படிக்கை 1987-ல் ஏற்பட்டது. இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2010 தொடக்கத்தோடு இங்கே அந்த வகை கேஸ்களுக்கு முற்றுப்புள்ளி. இடையில் ஆர்-134ஏ வந்தது. இன்றைய வீட்டு ஃபிரிட்ஜுகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் நெருங்கிய சொந்தம். சின்ன ஃபிரிட்ஜுக்கு 50 கிராம் சொச்சம் போதும். டிஜிட்டல் தராசில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பத்து கிராம் கூடினாலும் கூலிங் கெடும். குழாயில் மிச்சமிருக்கும்போது பற்றவைக்கும் டார்ச்சைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் தராசு பிடிக்கப் பழகியதில் அவருக்குப் பெருமை உண்டு. பனியைப் பார்த்தே ஏற்றிய அவர் வயது ஆட்கள் சிலர் இந்தக் கேஸ் வந்ததும் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறியது. சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்குள் இடுப்பளவு, சில இடங்களில் கூரையளவு தண்ணீர். கடை கொஞ்சம் மேட்டில் இருந்தும் முட்டளவு நின்றது. நீர் வடிந்த பின் தெரு முழுக்க மெத்தைகள், புத்தகங்கள், ஃபிரிட்ஜுகள், வாஷிங் மெஷின்கள். பாதிப் பொருளைக் குப்பை லாரியில் ஏற்றிவிட ஜனங்கள் தயாராக இருந்தார்கள். அவர் தெருத் தெருவாகப் போய்ச் சொன்னது ஒன்றுதான்: "எதையும் பிளக்கில சொருகாதீங்க. தூக்கியும் போடாதீங்க."

வாஷிங் மெஷின் மோட்டாரை அவர் முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவியதைப் பார்த்து, பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தார்கள். தண்ணீரில் மூழ்கியதை மறுபடி தண்ணீரிலா? காரணம், வந்தது சுத்தமான மழைநீர் அல்ல. சாக்கடையும் சேறும் உப்பும். அது காயிலின் இடுக்குகளில் காய்ந்து ஒட்டிக்கொண்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், என்றைக்காவது ஷார்ட் ஆகும். கழுவிய பிறகுதான் உலர்த்தல். டிசம்பர் மாதத்து மேகமூட்டத்தில் வெயிலை நம்ப முடியாது. மோட்டார்களை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வரிசையாக வைத்து, நடுவில் நூறு வாட் பல்பை எரியவிட்டு, ராத்திரி முழுக்க மூடிவைத்தார். காலையில் இன்சுலேஷன் அளக்கும் மெகரின் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பார். ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டினால் அடுத்த கட்டம். இல்லையென்றால் இன்னோர் இரவு பல்போடு. பேரிங்குகளைக் காப்பாற்ற முடியவில்லை. சேறு புகுந்தவை கரகரத்தன, எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் தேடியதால் சில அளவுகள் சந்தையில் கிடைக்கவே இல்லை.

ஃபிரிட்ஜுகள் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தின. கம்ப்ரஸர் என்பது சுற்றிலும் வெல்டிங் செய்து மூடிய இரும்புக் கூடு. மோட்டாரும் எண்ணெயும் கேஸும் அதற்குள்ளேயே. தண்ணீரில் நாள் கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஒரு சொட்டு போகாது. வெளியே ஒட்டியிருக்கும் ரிலேயையும் ஓவர்லோடையும் மாற்றி, டெர்மினல்களைத் துடைத்து உலர்த்தி, மூன்று முனைகளிலும் சோதித்துக் கரண்ட் கொடுத்தால் பல ஃபிரிட்ஜுகள் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடின. ஆனால் கதவுக்குள்ளும் சுவருக்குள்ளும் இருக்கும் ஃபோம் ஈரம் குடித்திருந்தால் அந்த நாற்றம் போவதில்லை. அப்படி ஓடியும் பிரயோசனப்படாத ஃபிரிட்ஜைச் சிலர் துணி வைக்கும் அலமாரியாக்கிக்கொண்டார்கள். எலெக்ட்ரானிக் போர்டு வைத்த மெஷின்கள் பெரும்பாலும் தேறவில்லை, பிசின் ஊற்றி மூடியிருந்தவை தவிர. டி.வி.க்களைப் பற்றிப் பேச்சே இல்லை. சில கம்பெனிகள் இலவச முகாம் போட்டன, அது உண்மையில் உதவியது. கூலி விஷயத்தில் அவர் அந்த மாதம் கணக்கு நோட்டை எடுக்கவில்லை. பேரிங்குக்கும் ரிலேவுக்கும் ஆன காசை மட்டும் வாங்கிக்கொண்டார். அடுத்த டிசம்பரில் வர்தா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது பிரச்சினை வேறு வடிவில் வந்தது. நியூட்ரல் அறுந்த தெருக்களில் வீடுகளுக்கு 230-க்குப் பதில் கிட்டத்தட்ட 400 வோல்ட் வரை ஏறி, செட்டாப் பாக்ஸிலிருந்து ஃபிரிட்ஜ் வரை வரிசையாகப் போயின.

ஏ.சி. வேலைக்கு அவர் தாமதமாகத்தான் வந்தார். பணம் அதில்தான் இருக்கிறது, பொய்யும் அதில்தான் இருக்கிறது என்பது அவர் கருத்து. "வருஷா வருஷம் கேஸ் ஏத்தணும் சார்" என்பது சென்னை முழுக்கப் பரவியிருக்கும் வசனம். ஏ.சி.க்குக் கேஸ், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆயுள் முழுக்கச் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் ஏற்றினால் அடுத்த கோடைக்கு அதே ஆள் அதே பில்லோடு வருவார். நைட்ரஜன் ஏற்றி, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்க நேரம் பிடிக்கும். வீட்டுக்காரருக்கும் அவ்வளவு பொறுமை இருப்பதில்லை. கேஸ் ஏற்றினால் அறை உடனே குளிர்கிறது, அது போதும் அவருக்கு.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் அவுட்டோர் யூனிட்டைத் திறந்தால் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டதும் பொடியாக உதிரும். கடல் காற்றின் உப்பு. மாதத்துக்கு ஒரு முறை வெறும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே ஆயுள் கூடும், செய்கிறவர்கள் குறைவு. கடலிலிருந்து தள்ளி இருக்கும் இடங்களில் எதிரி பல்லி. அவுட்டோரில் இருக்கும் போர்டின் வெதுவெதுப்புக்கு ஆசைப்பட்டு உள்ளே போகும், இரண்டு முனைகளுக்கு நடுவே உடம்பை வைக்கும், தானும் செத்து ஏ.சி.யையும் சாகடிக்கும். கேபிள் நுழையும் துளையை எம்-சீல் வைத்து அடைப்பதற்கு ஆகும் செலவு ஒரு டீக் காசு. புது ஏ.சி. மாட்டிய கையோடு அவர் இதைச் செய்துவிடுவார். மாட்டுகிற கம்பெனி ஆட்கள் செய்வதில்லை, ஏனென்றால் ஒரு நாளில் அவர்களுக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி. சன்ஷேடில் நின்று வேலை பார்க்கும்போது இடுப்பில் கயிறு கட்டாத பையனை அவர் ஏற விடுவதில்லை. இதில் மட்டும் வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் வளைந்து கொடுக்கமாட்டார்.

வீட்டுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது என்று வரும் புகாருக்குப் பெரும்பாலும் டிரெயின் பைப்பில் கட்டிய வழவழப்பான பாசிதான் காரணம். ஊதினால் போய்விடும். குளிர் பற்றவில்லை என்றால் ஃபில்டர். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாயடியில் காட்டினால் போதும். இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம் என்று அவரே சொல்லிக்கொடுப்பார். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை போட்ட ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் முதலில் எழ வேண்டும் என்பது விதி. ரிமோட்டை எடுத்ததும் 18-க்கு இறக்கினால் அறை சீக்கிரம் குளிரும் என்று நம்புகிறவர்களோடு அவர் வாதாடுவதை நிறுத்திவிட்டார்.

கீசர் பற்றி அவர் பேச்சு குறைவு. எர்த் இருக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பைப் போட்டால், நியூட்ரலோடு எரிகிற அதே வெளிச்சம் வர வேண்டும். கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கும் வீடாக இருந்தால் அது உடனே விழ வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் கீசரைத் திறக்கவே மாட்டார். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். போர்வெல் நீர் உள்ள வீடுகளில் எலிமென்ட் மேல் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருக்கும். டாங்கு அரிக்காமல் இருக்கத் தன்னையே அரிக்கக் கொடுக்கும் மக்னீசியக் கம்பி கரைந்து வெறும் இரும்பு ஊசி மிஞ்சியிருக்கும். அந்தக் கம்பி ஒன்று உள்ளே இருப்பதே பலருக்குத் தெரியாது.

இப்போது கடைக்கு அதிகமாக வருவது பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன். 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் சொச்சம்தான் இழுக்கிறது. காயில் எரிவது அபூர்வம், போவது போர்டு. அதைப் பல கம்பெனிகள் பிசின் ஊற்றி மூடிவிடுகின்றன, பார்ட் பார்ட்டாகப் பிரித்துப் பார்க்க வழியில்லை. ஒரு மாடலின் போர்டு இன்னொரு மாடலுக்குச் சேராது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக இணையதளம் ஒன்று திறந்தது. அவருடைய மகள் அதைச் செல்போனில் எடுத்துக் காட்டியபோது, தன் கையில் இருந்த போர்டின் நம்பரைத்தான் முதலில் தேடச் சொன்னார். அது அங்கே இல்லை.

அதற்காக அவர் புது ஃபேனை எதிர்ப்பவரும் அல்ல. வீடு கட்டி முடித்த ஒருவர் அண்மையில் எந்த ஃபேன் வாங்கட்டும் என்று கேட்டபோது, கடைச் சுவரிலேயே பென்சிலால் கணக்குப் போட்டார். நாளுக்கு 16 மணி நேரம், 45 வாட் மிச்சம், வருடத்துக்கு 260 யூனிட் சொச்சம். "ஹால்ல பி.எல்.டி.சி. போடு தம்பி, நாள் பூரா ஓடும். விருந்தாளி ரூமுக்குச் சாதா ஃபேனே போதும், எப்பவோ ஒரு நாள்தான் சுத்தப்போவுது. வாங்கின பில்லை மட்டும் லாமினேட் பண்ணி வெச்சுக்க, வெறுமனே விட்டா ரெண்டு வருஷத்துல எழுத்து அழிஞ்சிடும். போர்டு போனா அவன் மொதல்ல கேக்கறது அதைத்தான்."